எந்தப் புத்தகம் வாங்கலாம்? நாகர்கோவில் புத்தகக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் புத்தகக் கடை வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை. கேள்விகள் கடைக்கு வருகிறவர்கள் கேட்பவை. அவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். பரிந்துரைகள் எல்லாம் எங்களுக்குப் பிடித்த புத்தகங்கள்தான்.

"அண்ணாச்சி, பாடப் புத்தகம் தவிர ஒண்ணும் வாசிச்சதில்ல. எதுல தொடங்கணும்?"

ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’. 1964இல் வந்த நாவல், 200 பக்கத்துக்குள் முடிந்துவிடும். பனைவிளை என்ற ஊர், பழைய பெருமை பேசும் ஒரு வீடு, அதில் வளரும் லிஸி, அவள் மனசுக்குப் பிடித்த பனையேறி தங்கராஜ். பனையும் அக்கானியும் கோயில் மணியும் தெரிந்த குமரிக்காரருக்கு முதல் பக்கத்திலேயே ஊர் பிடிபட்டுவிடும். வாக்கியங்களும் சிறியவை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிதானமாக வாசிப்பவர் அரை மணி நேரத்தில் 12 முதல் 15 பக்கம் போவார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் அரை மணி ஒதுக்கினால் இரண்டு வாரத்தில் ஒரு நாவல் முடிந்துவிடும். முதல் புத்தகத்தை முடித்துவிட்டோம் என்பதே இரண்டாவதைக் கையில் எடுக்கவைக்கும்.

தவறு நடப்பது எங்கே என்றால், எல்லாரும் புகழ்கிறார்கள் என்று முதலிலேயே ‘விஷ்ணுபுரம்’ மாதிரிப் பெரிய நாவலை வாங்குவதில். 60ஆம் பக்கத்தில் நிற்கும். நமக்கு வாசிப்பு வராது என்று தோன்றிவிடும். அது உங்கள் குறையே இல்லை, வரிசை மாறிப்போனதுதான்.

நாவல் நீளம் என்று தயங்குகிறவர்களுக்கு ஜெயமோகனின் ‘அறம்’ கதைத் தொகுப்பு. உண்மையில் வாழ்ந்த மனிதர்களை வைத்து எழுதப்பட்ட கதைகள். ஒரு இரவுக்கு ஒரு கதை போதும். ‘சோற்றுக்கணக்கு’ முதலில், பிறகு ‘யானை டாக்டர்’, அதன்பின் ‘ஓலைச்சிலுவை’. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கெடுத்துவிட்டு நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்து உழைத்த டாக்டர் சாமர்வெல்தான் அந்த மூன்றாவது கதையில் வருகிறார். ‘நூறு நாற்காலிகள்’ கதையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாசித்துவிட்டு அன்றைக்கு வேறு எதையும் தொட முடியாது.

"நம்ம மாவட்டத்தப் பத்தின நாவல்களை மட்டும் வாசிக்கணும். எந்த வரிசையில?"

இந்தக் கேள்விக்கு ஒரு மணி நேரமும் பேசலாம். எழுதப்பட்ட ஆண்டு வரிசையில் போகவேண்டாம், ஊர் வரிசையில் போங்கள். குமரி மாவட்டத்தில் பத்து மைலுக்கு ஒரு பேச்சு இருக்கிறது. அதனால் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் தொடங்கி வெளியே போவதுதான் சுலபம்.

நாகர்கோவில்காரர் என்றால் சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ (1966). தாமோதர ஆசான் சொல்லும் பழங்கதைகளில் தொடங்கி, சுதந்திரத்துக்குப் பிறகு கடைவீதியும் முனிசிபாலிட்டி அரசியலும் மாறுவது வரை போகும். ஒரு மரத்தைச் சுற்றி ஒரு ஊரே எழுதப்பட்டிருக்கிறது. இந்த நாவல் ஹீப்ரு மொழிக்கே போயிருக்கிறது. அடுத்து வயலும் வாய்க்காலுமான நாஞ்சில் நாட்டுக்கு, நாஞ்சில் நாடனின் ‘தலைகீழ் விகிதங்கள்’ (1977). படித்து வேலை கிடைக்காத சிவதாணு பணக்கார வீட்டில் பெண் எடுத்துப் படும் பாடு. ‘சொல்ல மறந்த கதை’ படம் இதிலிருந்து எடுத்ததுதான். படம் பார்த்தவர்களும் நாவலை வாசிக்கலாம், அந்தப் பேச்சும் சாப்பாடும் எழுத்தில்தான் முழுசாகக் கிடைக்கும். அவருடைய ‘எட்டுத் திக்கும் மதயானை’யில் பூலிங்கம் ஊரை விட்டு ஓடி பம்பாய் வரை போகிறான். பிழைப்புக்கு வெளியூர் போன பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அதைத்தான் எடுத்துக் கொடுப்போம்.

இரணியல், தக்கலைப் பக்கம் என்றால் நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968). திரவி, புகுந்த வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட அவன் அக்கா நாகு, உண்ணாமலை ஆச்சி. இரணியல் செட்டித் தெருவின் சடங்கு, சமையல், சண்டை எல்லாம் அந்தப் பேச்சிலேயே வரும். கொஞ்சம் மெதுவாக நகரும் நாவல், ஆனால் ஆச்சியின் குரல் காதை விட்டுப் போகாது.

மேற்கே கடற்கரைக்கு, தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988). அவர் பிறந்த தேங்காய்ப்பட்டணம்தான் களம். வடக்குவீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் அதிகாரத்தில் கிடக்கும் கிராமம் அது. அதை முடித்த பிறகு ‘சாய்வு நாற்காலி’க்கு வாருங்கள், 1997 சாகித்திய அகாதமி விருது பெற்றது. இரண்டையும் மாற்றிப் பிடித்தால் மொழி கடினமாகத் தெரியும்.

விளவங்கோடு, கல்குளம் மலையோரத்துக்கு ஜெயமோகனின் ‘ரப்பர்’ (1990), அப்புறம் ‘காடு’ (2003). ‘ரப்பர்’ சிறியது, தோட்டத்தால் எழும்பிய ஒரு குடும்பம் சரிவதைச் சொல்லும். ‘காடு’ மழையும் காதலும் சங்கக் கவிதையும் கலந்தது. ஆடி மாதச் சாரலில் வாசிக்க இதைவிட நல்ல நாவல் எங்கள் அலமாரியில் இல்லை. ‘ஏழாம் உலகம்’ மனத்திடம் உள்ளவர்களுக்கு மட்டும். பிச்சைக்காரர்களை வைத்து நடத்தும் தொழிலை அவ்வளவு நெருங்கிக் காட்டுகிறது.

1982 மண்டைக்காடு கலவரத்தைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு பொன்னீலனின் ‘மறுபக்கம்’. பெரிய நாவல். மற்ற எல்லாவற்றையும் வாசித்த பிறகு கடைசியாக எடுங்கள். மாவட்டத்தின் மனிதர்களை ஏற்கெனவே பத்து நாவலில் பழகியிருந்தால்தான் அதன் கனம் தெரியும்.

"வட்டார வழக்கு புரியல. பாதியில விட்டுட்டேன்."

பாதியில் விட்டவர்களில் பெரும்பாலோர் கண்ணால் மட்டும் வாசித்தவர்கள். உரையாடலை வாய்விட்டு வாசியுங்கள். எழுத்தில் அந்நியமாகத் தெரிந்தது காதில் விழுந்ததும் நம் பாட்டா பேசியதாகிவிடும். குமரி முதலில் திருவிதாங்கூரோடும், பின்னர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. அதனால் மலையாளச் சொல் பேச்சில் ஊறிக் கிடக்கிறது. பள்ளிக்கூடத் தமிழை மட்டும் எதிர்பார்த்து வாசித்தால் இடறும்.

முதல் 30 பக்கத்தில் எந்தச் சொல்லுக்கும் நிற்கவேண்டாம். பென்சிலால் சின்னக் கோடு போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். மூன்றாவது தடவை வரும்போது பெரும்பாலான சொற்களுக்கு இடத்தை வைத்தே பொருள் தெரிந்துவிடும். அப்படியும் தெரியாதவை பத்துப் பதினைந்துதான் மிஞ்சும், வீட்டில் மூத்தவர்களிடம் கேளுங்கள்.

வெளியூர் வாசகர்கள் அதிகம் கேட்பவை இவை: விளை என்றால் மரங்கள் நிற்கும் தோட்ட நிலம். அக்கானி பதநீர். மரச்சீனி மரவள்ளிக் கிழங்கு. சக்கை பலா. பத்தாயம் நெல் போட்டு வைக்கும் மரப்பெட்டி. படிப்புரை வீட்டு வாசலில் கூரை போட்ட திண்ணைக் கட்டு. மயினி அண்ணன் மனைவி. கரமடி கரையில் நின்று இழுக்கும் பெரிய வலை. இவ்வளவு தெரிந்தால் பாதித் தடை நீங்கிவிடும்.

தோப்பில் நாவல்களில் மலையாளத்தோடு அரபுச் சொல்லும் சேரும். தோவாளைக்காரருக்கே அது முதலில் தடுக்கும் என்பதால், வெளியூர்க்காரர் தடுமாறுவதில் வியப்பில்லை. பின்பக்கத்தில் சொற்பொருள் பட்டியல் உள்ள பதிப்பு கையில் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

"ஜே.ஜே: சில குறிப்புகள் வாங்கினேன். நாற்பது பக்கத்துக்கு மேல போகமாட்டேங்குது."

கதை எங்கே என்று தேடுவதால் வரும் சிக்கல் இது. சுந்தர ராமசாமி எழுதி 1981இல் வந்த அந்த நாவலில் சம்பவம் சம்பவமாகப் போகும் கதை கிடையாது. ஜோசஃப் ஜேம்ஸ் என்ற கற்பனை மலையாள எழுத்தாளனைப் பற்றி பாலு என்பவன் நினைவுகூர்வது ஒரு பகுதி, ஜே.ஜேயின் நாட்குறிப்பு இன்னொரு பகுதி. திணறுகிறவர்கள் நாட்குறிப்பை முதலில் வாசிக்கலாம். தினம் இரண்டு பக்கம் போதும். அந்த மனிதனின் குரல் பழகிய பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள். ஆசிரியர் வைத்த வரிசையை மாற்றலாமா என்று சிலர் கேட்பார்கள். மூடி வைப்பதைவிட மாற்றி வாசிப்பது எவ்வளவோ மேல்.

அதற்கும் பிடிக்கவில்லை என்றால் ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ (1998). 1930களின் இறுதியில் கோட்டயத்தில் ஒரு தமிழ்க் குடும்பம். அதே ஆசிரியர், ஆனால் வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்பதுபோல இருக்கும்.

"பொன்னியின் செல்வன் எந்தப் பதிப்பு வாங்கலாம்? விலை ஏன் இவ்வளவு வித்தியாசம்?"

கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் பல பதிப்பகங்கள் அச்சிடுகின்றன. விலை குறைவதற்குக் காரணம் தாளின் தரம், எழுத்தின் அளவு, தைப்பு. சில வேளை சுருக்கப் பதிப்பாகவும் இருக்கும். அட்டையில் ‘சுருக்கம்’ என்ற சொல் சிறிய எழுத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஐந்து பாகமும் இருக்கவேண்டும்: புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாகச் சிகரம்.

ஐந்தையும் ஒரே தொகுதியாகக் கட்டிய புத்தகத்தைப் படுத்துக்கொண்டு வாசிக்க முடியாது, முதுகுப் பசையும் நடுவில் விட்டுவிடும். ஐந்து தனி நூலாக வாங்குங்கள். எழுத்து பொடியாக இருந்தால் 50 வயதைத் தாண்டியவர்கள் பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள், கடையிலேயே ஒரு பக்கம் வாசித்துப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

சரித்திர நாவலே புதிது என்றால் கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ போதும். ஒரே நூல். கதைக்காலப்படி ‘சிவகாமியின் சபதம்’ அதற்கு முந்தையது, ஆனால் எழுதப்பட்டது பார்த்திபன் கனவுதான் முதலில். அந்த வரிசையிலேயே வாசியுங்கள்.

நம் மண்ணின் சரித்திரம் வேண்டுமென்றால் சி.வி. ராமன் பிள்ளை மலையாளத்தில் 1891இல் எழுதிய ‘மார்த்தாண்ட வர்மா’வின் தமிழாக்கத்தைக் கேளுங்கள். பத்மநாபபுரம் சுற்றுவட்டாரம் அதில் வரும். கதை வேண்டாம், நடந்தது வேண்டும் என்கிறவர்களுக்கு அ.கா. பெருமாளின் ‘தென்குமரியின் கதை’. 1741 குளச்சல் போர், உதயகிரிக் கோட்டை, டச்சுத் தளபதி டிலனாய் என்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டு வரும் கேள்விகளுக்கு வீட்டில் ஒரு பிரதி இருப்பது உதவும்.

"ஒரே மூச்சுல வாசிக்கிற மாதிரி துப்பறியும் கதை?"

சுஜாதா. ‘நைலான் கயிறு’ மெலிந்த புத்தகம், ஒரு ரயில் பயணத்தில் முடியும். ‘கொலையுதிர் காலம்’ துப்பறியும் வக்கீல்கள் கணேஷ்-வசந்த் வரும் கதைகளில் எங்கள் முதல் தேர்வு. அறிவியல் புனைவு கேட்டால் ‘என் இனிய இயந்திரா’வும் ‘மீண்டும் ஜீனோ’வும். இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள், முதலாவதை முடித்த அன்றே இரண்டாவதைத் தேடி வருவீர்கள்.

"மலையாளம் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. தமிழ்ல நல்ல மொழிபெயர்ப்பு இருக்கா?"

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கேட்பது. குமரிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள், நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். தகழியின் ‘செம்மீன்’, ‘தோட்டியின் மகன்’ இரண்டும் சுந்தர ராமசாமியின் தமிழில் கிடைக்கின்றன. பஷீரைக் குளச்சல் மு. யூசுப்பின் தமிழில் வாசியுங்கள், ‘பால்யகால சகி’ ஒரே மாலையில் முடிந்துவிடும். அவர் மொழிபெயர்த்த ‘திருடன் மணியன்பிள்ளை’ ஒரு திருடனின் வாழ்க்கை. சாகித்திய அகாதமி மொழிபெயர்ப்பு விருது பெற்றது. தடிமனாக இருந்தாலும் நிறுத்த முடியாது.

எந்த மொழிபெயர்ப்பை வாங்கும் முன்பும் மூன்றைப் பாருங்கள். மொழிபெயர்ப்பாளர் பெயர் அட்டையிலோ உள்பக்கத்திலோ இருக்கவேண்டும். மூலமொழியிலிருந்து நேராக வந்ததா, ஆங்கிலம் வழியா என்பது பதிப்பு விவரப் பக்கத்தில் இருக்கும். கடைசியாக, உரையாடல் உள்ள ஒரு பக்கத்தை வாசியுங்கள். வர்ணனையில் மொழிபெயர்ப்பாளர் சமாளித்துவிடலாம், பேச்சில் முடியாது. மனிதர்கள் பேசுவதுபோல இருந்தால் மற்றது தானாக நன்றாக இருக்கும்.

"பிள்ளைக்கு என்ன வாங்கிக் கொடுக்க?"

வயதைவிட, தானாக வாசிக்குமா, நீங்கள் வாசித்துக் காட்டவேண்டுமா என்பதுதான் முக்கியம். வாசித்துக் காட்டும் வயதில் படம் பெரிதாகவும் பக்கத்துக்கு இரண்டு மூன்று வரியும் உள்ள புத்தகம். கூடவே தேரூரில் பிறந்த கவிமணியின் ‘மலரும் மாலையும்’. அதில் உள்ள குழந்தைப் பாட்டுகளை ராகம் போட்டுச் சொல்லிக் கொடுங்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு 16 அல்லது 24 பக்கச் சிறு நூல்கள் ஐந்தாறு வாங்குவது, ஒரு தடிப்புத்தகம் வாங்குவதைவிடப் பயன்.

ஐந்தாம் வகுப்புக்கு மேல் ‘டோட்டோ சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. பிறகு ‘குட்டி இளவரசன்’. இரா. நடராசனின் ‘ஆயிஷா’ மிகச் சிறிய நூல், கேள்வி கேட்கும் ஒரு மாணவியைப் பற்றியது. அதைப் பிள்ளையைவிட ஆசிரியர்களுக்குத்தான் அதிகம் எடுத்துக் கொடுக்கிறோம்.

அறிவுரைக் கதைத் தொகுப்பை மட்டும் வாங்கி அடுக்கவேண்டாம். பிள்ளை அதைப் பாடப் புத்தகத்தோடு சேர்த்துவிடும்.

"திருக்குறள் எந்த உரை?"

வீட்டுக்கும் பள்ளிக்கும் மு.வ. தெளிவுரை, சட்டைப்பையில் வைக்கும் அளவிலேயே கிடைக்கிறது. இலக்கணத்தோடு ஆழமாகப் போக விரும்பினால் பரிமேலழகர் உரை. அதையும் விளக்கக் குறிப்பு உள்ள பதிப்பாக வாங்குங்கள், நேரடியாக வாசித்தால் உரைக்கே உரை தேவைப்படும். கன்னியாகுமரிக்கு வரும் வெளிநாட்டார் ஜி.யு. போப்பின் ஆங்கிலப் பெயர்ப்பைக் கேட்பார்கள். 1886இல் வந்தது, நடை பழையது.

பிள்ளைகளுக்கு அதிகாரக் கணக்கைச் சொல்ல நம் ஊர்த் திருவள்ளுவர் சிலையே போதும். பீடம் 38 அடி, அறத்துப்பால் 38 அதிகாரம். சிலை 95 அடி, பொருட்பால் 70, இன்பத்துப்பால் 25. மொத்தம் 133.

கவிமணியின் ‘மருமக்கள்வழி மான்மியம்’ பலர் கேட்காமலே விடும் நூல். தாய்வழிச் சொத்துரிமையால் நொந்த ஒரு பெண்ணின் வாயால் நாஞ்சில் நாட்டு வழக்கத்தைப் பாடியது. சிரிக்கவைத்துக்கொண்டே நெஞ்சைப் பிடிக்கும்.

"கடல், பறவை, காடு பத்தி?"

கடல் நாவலுக்கு ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004). ‘கொற்கை’ ஆயிரம் பக்கத்தைத் தாண்டும், 2013 சாகித்திய அகாதமி விருது பெற்றது. முதலாவதை முடித்தவர்களுக்கே அது. கட்டுரையாக வேண்டுமென்றால் வறீதையா கான்ஸ்தந்தின். நம் மீனவ கிராமங்களை உள்ளிருந்து எழுதுகிறவர்.

பறவைக்கு மா. கிருஷ்ணனின் ‘மழைக்காலமும் குயிலோசையும்’. சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பிறகு பறவை பார்க்கப் போகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். போவதற்கு முன் இந்தக் கட்டுரைகளில் நாலைந்து வாசித்துவிட்டால் கண் வேறு மாதிரி பார்க்கும்.

"வீட்டுக்குப் போன பிறகுதான் நடுவுல பக்கம் இல்லன்னு தெரிஞ்சுது. முன்னாடியே எப்படிப் பார்க்க?"

பெரும்பாலான புத்தகங்கள் 16 பக்கம் கொண்ட ஃபாரங்களாக அச்சாகி மடித்துச் சேர்க்கப்படுகின்றன. அதனால் தவறும் 16 பக்கக் கட்டாகத்தான் வரும்: ஒரு ஃபாரம் விடுபடும், இல்லை அதே ஃபாரம் இரண்டு தடவை சேரும், இல்லை தலைகீழாக இருக்கும். எல்லாப் பக்கத்தையும் எண்ணவேண்டாம். 16இலிருந்து 17, 32இலிருந்து 33, 48இலிருந்து 49 என்று எண் தொடர்கிறதா என்று மட்டும் பாருங்கள். 300 பக்கப் புத்தகத்துக்கு ஒரு நிமிடம் ஆகும். பிறகு விரலால் சரசரவென்று விட்டு வெற்றுப் பக்கம் இருக்கிறதா என்று பார்க்கவும். பில்லோடு கொண்டுவந்தால் மாற்றித் தருவோம். பெயர் எழுதிவிட்டால் சிரமம், ஆகவே பெயர் எழுதுவது இந்தச் சோதனைக்குப் பிறகு.

"மழைக்காலத்துல புத்தகம் பூத்துப்போகுது. என்ன செய்ய?"

தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. ஜூன் முதல் டிசம்பர் வரை அலமாரிக்குள் ஈரம் தங்கும். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள், மேற்குச் சுவர் வேண்டாம். புத்தகங்களை இறுக்கித் திணிக்காமல் ஒரு விரல் நுழைய இடம் விடுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் அதில்தான் முதலில் பூசணம் பிடிக்கும். பழைய செய்தித்தாள் உறையும் வேண்டாம், அதன் அமிலம் அட்டையை மஞ்சளாக்கும். பழுப்புத் தாள் நல்லது.

ராமபாணப் பூச்சிக்குப் பசைதான் தீனி. அந்துருண்டையைத் துணியில் முடிந்து மூலையில் வையுங்கள், புத்தகத்தில் படக்கூடாது. சிறு பிள்ளைகள் கை எட்டும் தட்டில் அது வேண்டாம், அங்கே காய்ந்த வேப்பிலை போதும். பச்சையாக வைத்தால் இலையின் ஈரமே கெடுக்கும். கடற்கரை வீடுகளில் பின் அடித்த மெல்லிய புத்தகங்களில் கம்பி துருப்பிடித்துத் தாளைத் தின்னும். கம்பியை மெல்ல எடுத்துவிட்டு நூலால் தைத்துவிடுங்கள்.

பூசணம் பிடித்துவிட்டால் ஈரத்துணி போடவேண்டாம், பரவும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே நிழலில் நன்றாகக் காயவைத்து, உலர்ந்த மென்துணியால் மேலிருந்து கீழாகத் துடைக்கவேண்டும். உச்சி வெயிலில் போட்டால் அட்டை வளையும், பசை பொடியும்.

முழுக்க நனைந்த புத்தகத்தை விரித்துப் பிடுங்கக் கூடாது. தண்ணீர் வடிய நிமிர்த்தி வைத்து, 20 பக்கத்துக்கு ஒரு டிஷ்யூத் தாள் சொருகி, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். தாள் ஈரமானதும் மாற்றவேண்டும், முதல் நாள் இரண்டு மணிக்கு ஒரு தடவை. பக்கங்கள் தொட்டால் குளிர்ச்சி தெரியாத அளவு காய்ந்த பிறகு, இரண்டு பலகைக்கு நடுவே வைத்து மேலே கனமான நாலு புத்தகத்தை ஏற்றி ஒரு வாரம் விட்டால் அலை அலையான தாள் ஓரளவு படியும். வழவழப்பான தாளில் அச்சான படப் புத்தகம் மட்டும் இதற்கு மசியாது. காய்ந்தால் பக்கங்கள் ஒட்டிக் கல்லாகிவிடும். அதை ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து இடையில் தாள் வைத்துவிடுங்கள்.